சோயா மொச்சை சிறு குடியானவருக்குக் கட்டுபடியாகுமா?

வேலப்பன்சாவடி, திருவேற்காடு, பூந்தமல்லி முதலிய இடங்களில் இன்னமும் பயிர்த்தொழிலைக் கைவிடாத குடியானவர்களின் தொகை சிறிது. அவர்கள் வசமுள்ள நிலமோ அதனினும் சிறிது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் கல்லூரிகளும் ஆஸ்பத்திரிகளும் கிடங்குகளும் எழுந்துவிட்டமையால், ஒரு காணி நிலத்தை ஒரே துண்டாக உடையவரைக் காண்பதே அரிதாயிற்று. ஐம்பது செண்டு, எழுபது செண்டு என்றே இப்பக்கத்தில் கணக்குப் பேசுகின்றனர். இத்தகைய அன்பர்கள் வினவும் விஷயங்களுள் ஒன்று, சோயா மொச்சை பயிரிட்டால் லாபம் கிடைக்குமா என்பது. கடைகளில் சோயா எண்ணெயும், சோயா உருண்டையும், அடைத்து விற்கும் சோயாப் பாலும் என்ன விலை பெறுகின்றன என்பதைக் கண்டவர்களுக்கு இவ்வாசை எழுதல் இயல்பே. ஆயினும் கடையின் விலை வேறு, களத்தின் விலை வேறு. களத்து விலையைக் கொண்டே நாம் இங்கே கணக்கிடுவோம்.

விடையை முதலிலேயே கூறிவிடுவது நலம். நம் தேசத்தில் சோயா மொச்சை சிறு குடியானவருக்கு லாபம் தந்த இடங்களில் எல்லாம், வேறு எப்பயிரும் இன்றி வெறுமையாய்க் கிடந்த நிலத்தில், சொற்பச் செலவில் விதைக்கப்பட்டமையாலேயே லாபம் தந்தது. வேறொரு நல்ல பயிரை நீக்கிவிட்டு அதன் இடத்தில் விதைத்தால் பெரும்பாலும் கட்டுபடியாவதில்லை. இதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், இப்பயிர் வேரூன்றிய மாளவ தேசத்தின் வரலாற்றைச் சிறிது பார்த்தல் வேண்டும்.

சோயா மொச்சை நம் தேசத்திற்கு முற்றிலும் புதிதன்று. இமயமலைச் சாரலில் கருநிற விதையுள்ள வகையை நெடுங்காலமாய் விளைவித்து வந்திருக்கின்றனர். 1935-ல் காந்தியடிகள் வார்தாவிலிருந்த மகன்வாடியில் இதனை உணவாகச் சோதித்து, ‘ஹரிஜன்’ பத்திரிகையிலும் எழுதினார். பரோடா சமஸ்தானத்திலும் அக்காலத்தில் இதனைப் பரப்ப முயற்சி நடந்தது. எனினும் பயிர் பரவவில்லை. 1960-களில் ஜபல்பூரிலும் பந்த்நகரிலும் உள்ள விவசாய சர்வகலாசாலைகள், அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையின் துணையோடு மஞ்சள் விதை வகைகளைக் கொணர்ந்து பரிசோதித்த பின்னரே அதற்கு ஒரு வழி பிறந்தது. 1970-71-ல் தேசம் முழுவதிலும் சுமார் 30,000 எக்டேரில் மட்டும் இருந்த பயிர், இன்று நூறு லட்சம் எக்டேருக்கு மேற்பட்டுப் பரவியுள்ளது; அதில் மத்தியப் பிரதேசத்தில் மாத்திரம் ஐம்பது லட்சம் எக்டேருக்கு மேல் இருக்கிறது.

இந்தூர், உஜ்ஜயினி, தேவாஸ் முதலிய ஜில்லாக்கள் அடங்கிய மாளவ பீடபூமி ஆழ்ந்த கரிசல் மண் உடையது. மழைக்காலத்தில் அம்மண் குழைந்து, கால் வைக்கவும் இயலாமற் போகும். ஆகையால் அங்குள்ள குடியானவர்கள் ஆனி முதல் புரட்டாசி வரை நிலத்தைத் தரிசாகவே விட்டுவைத்து, மழை நின்றபின் மண்ணில் தங்கிய ஈரத்தைக் கொண்டு கோதுமையோ கடலையோ விதைப்பது வழக்கமாயிருந்தது. சோயா மொச்சையின் வயது தொண்ணூறு முதல் நூறு நாட்கள். ஆனி இறுதியில் மழையோடு விதைத்தால், மழை ஓய்ந்து வானம் வெளுக்கும் புரட்டாசி, ஐப்பசியில் முற்றி அறுவடைக்கு வருகிறது. அதன் பின்னும் கோதுமைக்குக் காலம் இருக்கிறது. அஃதாவது குடியானவர் எதனையும் இழக்கவில்லை. ஒரு போகம் இருந்த நிலத்தில் இரு போகம் கண்டார். நிலத்திற்குத் தனிக் குத்தகை இல்லை. பாசனச் செலவு இல்லை. அவரையினமாதலால் தழைச்சத்து உரமும் மிகக் குறைவு. ஏக்கருக்கு நான்கு குவிண்டாலே விளைந்தாலும், அது முன்பு இல்லாத நான்கு குவிண்டால் அல்லவா? அன்றியும், தீபாவளிக்கு முன்னர்க் கைக்கு வரும் ரொக்கமாதலால், அடுத்த கோதுமைக்கு வேண்டிய விதையும் உரமும் அப்பணத்திலேயே வாங்கப்பட்டன.

அங்கே கணக்கு இன்று எவ்வாறு நிற்கிறது என்று பார்ப்போம். 2025-26 பருவத்திற்கு மத்திய சர்க்கார் அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ. 5,328. இவ்விலையை நிர்ணயிப்பதற்கு ஆதாரமாகக் கொண்ட சாகுபடிச் செலவு குவிண்டாலுக்கு ரூ. 3,552. இச்செலவில் கைப்பணச் செலவுகளும், குடும்பத்தார் உழைப்பின் மதிப்பும் அடங்கும். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் சொந்த முதலின் வட்டியும் அடங்கா. இதனைக் குடியானவர்கள் கவனத்தில் வைத்துக் கொள்ளல் வேண்டும்.

தேசத்தின் சராசரி மகசூல் ஏக்கருக்கு ஏறக்குறைய நான்கு குவிண்டால். அதன்படி ஏக்கர் செலவு ரூ. 14,208. ஆதரவு விலை முழுதும் கிடைத்தால் வரவு ரூ. 21,312; மீதி ரூ. 7,104. ஆனால் மண்டியில் ரூ. 4,200-க்குத்தான் விலை போனது என்று வைத்துக் கொண்டால், வரவு ரூ. 16,800, மீதி ரூ. 2,592. மழை பொய்த்து மூன்று குவிண்டாலே விளைந்து, அதே விலைக்கு விற்றால், செலவு பெரும்பாலும் குறையாதாகையால், ரூ. 1,608 நஷ்டம். அவ்விலையில் முதல் திரும்புவதற்கே சுமார் மூன்றரை குவிண்டால் விளைய வேண்டும். நான்குக்கும் மூன்றரைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு சிறிது என்பதை யோசித்தால், இப்பயிரின் அபாயம் விளங்கும். 2023 ஆகஸ்டு மாதம் தேசம் முழுவதற்கும் 1901-க்குப் பின் கண்ட ஆகஸ்டு மாதங்களிலெல்லாம் மழை குன்றியதாக இருந்தது. காய் பிடிக்கும் தருணத்தில் வாடிய வயல்களில் இந்த அரைக் குவிண்டால் இடைவெளி எத்தனை குடும்பங்களுக்கு இல்லாமற் போயிருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. மீதியாகக் காட்டிய சொற்பத் தொகையோடு, செலவில் அடக்கிய குடும்பக் கூலியும் குடியானவர் வீட்டிலேயே தங்குகிறது என்பதும் மெய்யே. மாளவத்துச் சிறு குடியானவர் இப்பயிரை விடாமல் பிடித்துக் கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விலை ஏன் தாழ்கிறது?

நூறு கிலோ சோயா மொச்சையை ஆலையில் பிழிந்தால் கிடைக்கும் எண்ணெய் சுமார் பதினெட்டு கிலோ மாத்திரமே. எஞ்சியது பெரும்பாலும் புண்ணாக்கு. நூறு கிலோ நிலக்கடலைப் பருப்பிலோ நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையாமல் எண்ணெய் உண்டு. எனவே சோயாவை எண்ணெய் வித்து என்று வழங்கினும், உண்மையில் அது புண்ணாக்கு வித்தே. அப்புண்ணாக்கை உண்பவை பெரும்பாலும் கோழிகள். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகள் தீவனத்திற்கு இதனையே பெரிதும் நம்பியுள்ளன. கோழித் தீவன ஆலைக்காரர் இதைவிட மலிவான புரதம் கண்டால் அதன்பால் செல்வார். மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் எரிசாராயம் வடிக்கும் ஆலைகள் சமீப வருஷங்களில் பெருகியமையால், அவற்றின் கழிவாகிய உலர்ந்த சக்கை மலிவாகக் கிடைத்துச் சோயாப் புண்ணாக்கின் இடத்தில் ஒரு பங்கைப் பிடித்துக் கொண்டது. விளைவித்தவர் யாதொரு தவறும் செய்யாதிருக்க, விலை இறங்கியமைக்கு இஃதொரு காரணம்.

மற்றொன்று, உலகச் சந்தை. பிரேஸில், அமெரிக்கா, அர்ஜென்டினா ஆகிய மூன்று தேசங்களுமே உலகத்துச் சோயாவில் ஐந்தில் நான்கு பங்கை விளைவிக்கின்றன. பிரேஸிலிலும் அமெரிக்காவிலும் ஏக்கர் மகசூல் பதின்மூன்று குவிண்டாலை ஒட்டியது. நமது நான்கு குவிண்டால் அதனோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. சமையல் எண்ணெயில் நம் தேவையில் பாதிக்கு மேல் கப்பலில் வருவதால், சுங்கவரி ஏறினாலும் இறங்கினாலும் அது களத்து விலையைத் தொடுகிறது. 2024 செப்டம்பரில் சுத்திகரிக்காத எண்ணெய்களின் அடிப்படை வரி நூற்றுக்கு 20 ஆக ஏற்றப்பட்டது. 2025 மே இறுதியில் அது 10 ஆகக் குறைக்கப்பட்டது. எண்ணெய் வாங்கி உண்பவர் கோடிக்கணக்கானோராதலின் சர்க்காருக்கும் இதில் சங்கடமுண்டு.

விலையின் ஆட்டத்திற்கு 2021-ஆம் வருஷத்தைப் பார்த்தாலே போதும். அவ்வருஷம் ஆடி மாதத்தில் சில மண்டிகளில் குவிண்டால் ரூ. 9,000-த்தைத் தாண்டிற்று. ஆனால் அப்பொழுது குடியானவர் கையில் சரக்கு ஏது? வியாபாரிகளிடமும் ஆலைகளிடமுமே இருந்தது. கோழிப்பண்ணையாரின் முறையீட்டின்மேல், ஆகஸ்டில் 12 லட்சம் டன் அயல்நாட்டுப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதி அளிக்கப்பட்டது. அறுவடைச் சரக்கு மண்டிக்கு வந்த அக்டோபரில் விலை ஐயாயிரம் சொச்சத்தில் நின்றது. உயர்ந்த விலையைக் கேள்வியுற்று அதிக நிலத்தில் விதைத்தவர்கள் தாழ்ந்த விலைக்கு விற்றனர். 2024 செப்டம்பரில் ஆதரவு விலை ரூ. 4,892 ஆக இருக்க, மண்டி விலை நாலாயிரத்தை ஒட்டிக் கிடந்தது. மத்தியப் பிரதேசத்துக் குடியானவர்கள் ஆறாயிரம் வேண்டும் எனக் கோரி டிராக்டர்களில் ஊர்வலம் சென்றனர். அதன் பின்னரே அங்கு ஆதரவு விலைக் கொள்முதலுக்கு அனுமதி கிடைத்தது. கொள்முதல் நிலையத்திலோ ஈரம் நூற்றுக்கு 12-க்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி. அறுவடைச் சமயத்தில் தூறல் விழுந்தால் சிறு குடியானவருக்கு உலர்த்தக் களமும் இல்லை, காத்திருக்கக் கைப்பணமும் இல்லை. மூட்டையைத் தரகரிடமே இறக்கி விடுகிறார்.

மண்டி விலை வீட்டிலிருந்தபடியே தெரிந்தால் இந்நிலை ஓரளவு மாறும் என்பதற்கும் மாளவத்திலேயே சான்றுண்டு. 2000-ஆம் வருஷத்தில் ஐ.டி.சி. கம்பெனியார் கிராமங்களில் கணினி வைத்து, அன்றன்றைய விலையை அறிவித்து, நேரடியாகவும் சோயா கொள்முதல் செய்யத் தொடங்கினர். இதனை ஆராய்ந்தவர்கள், அக்கணினிகள் வந்த பிறகு மண்டியிலேயே சோயா விலை நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை உயர்ந்தமையைக் கண்டனர். உயர்வு சிறிதே. ஆனால் மேலே காட்டிய கணக்கில் மீதியே ரூ. 2,592 என்றிருக்கும்போது, ரூ. 16,800-ல் நூற்றுக்கு மூன்று என்பது ரூ. 504 ஆகும், மீதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

இனி நம் பக்கத்தைக் கவனிப்போம்.

மாளவத்தில் மழை நின்றபின் காய் முற்றுகிறது என்றோம். சென்னைப் பிராந்தியத்திலோ வருஷ மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே பெய்கிறது. ஆடிப்பட்டத்தில் விதைத்தால் அறுவடை ஐப்பசி அடைமழையில் சிக்கும். புரட்டாசியில் விதைத்தால் இளம்பயிர் நீர் தேங்கி மஞ்சளித்து நின்றுவிடும். நனைந்த காயிலேயே விதை முளைத்து விடுவதும் உண்டு. கூவம் பாயும் திருவேற்காடு, வேலப்பன்சாவடித் தாழ்நிலங்களில் நீர் வடியும் நிலை எப்படிப்பட்டது என்பதை அவ்வூரார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எஞ்சியது மாசிப்பட்டம். அது முழுதும் இறவைப் பயிர். சென்னையைச் சூழ்ந்த ஊர்களில் கிணற்று நீர் லாரிகளில் ஏறி விற்பனையாகும் இக்காலத்தில், நீரை ஓசியாகக் கருதிப் போடும் கணக்கு சரியான கணக்கன்று.

கூலி விஷயமும் அத்தகையதே. இப்பக்கத்தில் கூலியைத் தீர்மானிப்பது பயிர்த்தொழில் அன்று, கட்டிட வேலை. மாளவத்தில் பெரிய வயல்களை அறுவடை இயந்திரம் ஒரு நாழிகையில் முடித்துப் போகிறது. ஐம்பது செண்டு துண்டுக்கு அது வராது. கையால் அறுக்க வேண்டும். அதுவும் காய் பழுத்து இலை உதிர்ந்த சில தினங்களுக்குள் அறுக்க வேண்டும். தாமதித்தால் காய் வெடித்து விதை சிந்தும்.

இவையெல்லாம் கடந்து மூட்டை கட்டிவிட்டோம் என்றாலும், வாங்குவோர் யார்? நிலக்கடலையாயின் பக்கத்துச் செக்கிலே ஆட்டலாம், வறுத்து விற்கலாம். சோயாவில் எண்ணெய் சொற்பமாதலால் செக்குக்கு ஆகாது. கரைப்பான் கொண்டு எண்ணெய் பிரிக்கும் பெரிய ஆலைக்கே உரியது. அவ்வாலைகள் பெரும்பாலும் பயிர் விளையும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தானம் ஆகிய பக்கங்களிலேயே உள்ளன. ஆதரவு விலைக் கொள்முதலும் அத்தகைய இடங்களில்தான் நடைபெறுகிறது. நாமக்கல் ஆலைக்காரர் வாங்குவது லாரி லாரியாய் வரும் புண்ணாக்கை. நம் நான்கு மூட்டை விதையை அன்று. விற்காததை வீட்டுக் கோழிக்கே இடலாம் என எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை: பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்றுண்டு. நன்றாக வேகவைத்தோ வறுத்தோ அன்றி அதனைக் கோழிக்கும் இடலாகாது, மனிதரும் உண்ணலாகாது.

உளுந்தோடு ஒப்பிட்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். 2025-26-ல் உளுந்தின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ. 7,800, தோலோடு கூடிய நிலக்கடலைக்கு ரூ. 7,263. மூன்று குவிண்டால் உளுந்து ரூ. 23,400 பெறும்போது, நான்கு குவிண்டால் சோயா பெறுவது ரூ. 21,312. ஏக்கருக்கு உளுந்து விதை எட்டு முதல் பத்து கிலோ போதும்; சோயாவுக்கு இருபத்தைந்து முதல் முப்பது கிலோ வேண்டும். உளுந்து எந்த ஊர்ச் சந்தையிலும் விலைபோகும். விலைபோகாவிடில் வீட்டில் இட்டிலிக்கு ஆகும். மாசிப்பட்டத்தில் பாசனத்தோடு செவ்வையாய்ச் செய்து சோயா ஆறு குவிண்டால் கண்டால் கணக்கு மாறும் என்பர். மெய்தான், ஆனால் அவ்வளவு நீரும் கவனிப்பும் தரக்கூடியவர், அதே நிலத்தில் கீரையோ வெண்டையோ இட்டுக் கோயம்பேட்டுக்கு அனுப்பினால் என்ன பெறுவார் என்பதையும் உடன் எழுதிப் பார்க்கட்டும். முளைக்கீரை விதைத்த மாதத்திலேயே பணமாகிறது. சோயா மூன்று மாதம் நிலத்தை அடைத்துக் கொள்கிறது.

சோயா நிலத்தை வளப்படுத்தும் என்று பலர் எழுதுகின்றனர். வேர்முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்ப்பது உண்மையே. ஆனால் விதையில் நூற்றுக்கு நாற்பது பங்கு புரதம் இருப்பதால், சேர்த்த தழைச்சத்தின் பெரும்பகுதி மூட்டையோடு வெளியேறி விடுகிறது. உதிர்ந்த இலையும் வேருமே நிலத்திற்கு மிச்சம். இதனை லாபக் கணக்கில் பெருந்தொகையாக எழுதிக் கொள்வதற்கில்லை.

ஆயின் இப்பக்கத்தில் சோயாவினால் பிழைக்க வழியே இல்லையா எனின், உண்டு. ஆனால் வயலில் அன்று, அடுப்பங்கரையில். வேலப்பன்சாவடியின் அனுகூலம் மண்ணில் இல்லை; பக்கத்திலே பட்டணத்து வாய்கள் இருப்பதில்தான் இருக்கிறது. ஒரு கிலோ சோயா மொச்சையை ஊறவைத்து, அரைத்து, காய்ச்சி வடித்தால் ஆறேழு லிட்டர் பால் கிடைக்கும். அதைத் திரித்துக் கட்டினால் ஒன்றரை கிலோவுக்குக் குறையாமல் சோயாப் பனீர் தேறும். இதற்கென வேண்டிய சாதனங்களையும் முறைகளையும் போபாலில் உள்ள மத்திய விவசாயப் பொறியியல் நிலையத்தார் ஆராய்ந்து வகுத்து, பயிற்சியும் அளித்து வருகின்றனர். மொச்சையை மாளவத்திலிருந்து வரும் மொத்தச் சரக்கிலேயே வாங்கிக் கொள்ளலாம்; விளைவித்தவருக்குக் கிலோவுக்கு நாற்பது, ஐம்பது ரூபாயே தந்த அப்பண்டம், பட்டணத்து வாசலில்தான் மதிப்புப் பெறுகிறது. விளைவித்தவருக்கு அம்மதிப்பில் பங்கு சேரவில்லையே என்னும் வருத்தம் நமக்கும் உண்டு. எனினும் சோயாப் பனீர் இரண்டொரு நாளுக்கு மேல் தாங்காது. குளிர்சாதனமும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் நிலையாக வாங்குவோரும் இன்றி இதில் இறங்குதல் தகாது.

இத்தனையும் படித்த பின்னரும், கரும்பு அல்லது தென்னையினிடையே ஊடுபயிராகவோ, சும்மா கிடக்கும் பத்து செண்டிலோ, வீட்டுக்கு என்று விதைத்துப் பார்க்க விரும்புவோர், கோயம்புத்தூர் சர்வகலாசாலையாரின் கோ 2, கோ 3 ஆகிய வகைகளுள் ஒன்றை மாசியில் விதைக்கலாம். சோயாவுக்குரிய ரைஸோபியம் நுண்ணுயிரை விதையோடு கலத்தல் அவசியம். நம் நிலங்களில் அது இயற்கையாக இராது. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் கண்ட செடிகளை உடனே பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். எல்லாவற்றிற்கும் முன்பாக விதையைச் சோதிக்க வேண்டும். இவ்விதையின் தோல் மெல்லியது. மூட்டையை மேலிருந்து போட்டாலே முளை ஒடியும். ஒரு கோடையைக் கடந்த விதையில் பாதி உயிரிழந்திருக்கும். நனைத்த சாக்கில் நூறு விதையை வரிசையாய்ப் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்து, எட்டாம் நாள் பிரித்து எண்ணுக. எழுபதுக்குக் குறையாமல் நன்கு முளைத்திருந்தால் விதைக்கலாம். குறைந்தால் அதனை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுப்பது நலம். அதற்காக ரசீதைப் பத்திரப்படுத்தி வைக்கவும்.